பக்கத்து வீட்டுக்காரன் சொன்ன வழி



"கம்ப்யூட்டர் தானே படிக்கிற? எங்க வீட்டு வைஃபை ஏன் மாடிக்கு வரமாட்டேங்குது?"ன்னு மாமா கேட்கும்போதெல்லாம், "நான் படிக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் இல்ல மாமா"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். நெதர்லாந்து வந்து இது ரெண்டாவது வருஷம். இந்த செமஸ்டர்ல எடுத்திருக்கிற பாடம் நெட்வொர்க்கிங். ஆக, அந்தச் சாக்கும் போச்சு :-)

ஒரு சர்வர்ல ரூட்டிங் அமைக்கிறது எப்படின்னு தமிழ்ல எழுதச் சொல்லி ரெண்டு மூணு நண்பர்கள் கேட்டிருந்தாங்க. ஆங்கிலத்துல இதுக்கு ஆயிரம் பக்கம் கிடைக்கும். பெரும்பாலும் "இந்த வரியை அடி, அடுத்து அந்த வரியை அடி, முடிஞ்சது வேலை" ரகம். வேலை என்னவோ முடியத்தான் செய்யும். ஆனா அதுல ஒரு வரி இருக்கு. அதை மட்டும் யாரும் கண்ணை மூடிக்கிட்டு காப்பி அடிச்சிடாதீங்கன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவே. அந்த வரி கொஞ்சம் பின்னாடி வரும். அதுக்கு முன்னாடி நாலு பொட்டியை எழுப்பி நிறுத்தணும்.

பொட்டிக்குப் பேர் வைப்போம்

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு பழைய டெஸ்க்டாப். அதுல டெபியன் லினக்ஸ் போட்டு, உள்ளே நாலு மெய்நிகர் எந்திரம், அதாங்க வர்ச்சுவல் மெஷின். ரூட்டர் ஒன்று, ரூட்டர் ரெண்டுன்னு பேர் வெச்சா ராத்திரி பன்னெண்டு மணிக்கு எது எதுன்னு குழம்பிடும். அதனால ஊர்ப் பேரா வெச்சுட்டேன்: நெல்லை, மதுரை, திருச்சி, சென்னை.

நெல்லைக்கும் மதுரைக்கும் நடுவுல 10.1.1.0/24, மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவுல 10.1.2.0/24, திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவுல 10.1.3.0/24. நெல்லையோட முகவரி 10.1.1.2, சென்னையோட முகவரி 10.1.3.2. நடுவுல இருக்கிற ரெண்டு ஊருக்கும் ரெண்டு ரெண்டு நெட்வொர்க் கார்டு, ரெண்டு ரெண்டு முகவரி. நம்ம குறிக்கோள் ரொம்ப எளிமையானது: நெல்லையில இருந்து சென்னைக்கு பிங் பண்ணா பதில் வரணும்.

இப்போ நெல்லையில உட்கார்ந்து பிங் பண்ணிப் பாருங்க. ஒண்ணும் வராது. முதல் காரணம், ரெண்டு கார்டு இருந்துட்டா மட்டும் லினக்ஸ் ரூட்டர் ஆயிடாது. தனக்கு வராத பாக்கெட்டை அது கீழே போட்டுடும். அடுத்தவன் கடிதத்தை நான் ஏன் கொண்டுபோய்க் கொடுக்கணும்ங்கிற நியாயம்தான். "ஐ.பி. ஃபார்வர்ட்"னு ஒரு கெர்னல் அமைப்பு இருக்கு. அது முதல்ல 0-ன்னு இருக்கும். மதுரையிலயும் திருச்சியிலயும் அதை 1 ஆக்கணும். கட்டளையில மட்டும் மாத்தினா ரீபூட் ஆனதும் பழையபடி 0-க்குப் போயிடும். அதனால அமைப்புக் கோப்புல எழுதியே வெச்சிடுங்க.

அடுத்தது வழி. இங்கதான் ரூட்டிங்கோட அடிப்படையே இருக்கு. தாம்பரத்துல நின்னுக்கிட்டு ஒருத்தர்கிட்ட திருநெல்வேலிக்கு வழி கேட்டா, அவருக்கு முழு வழியும் தெரியணும்னு அவசியமில்லை. "செங்கல்பட்டுப் பக்கமா போங்க"ன்னு சொன்னா போதும். செங்கல்பட்டுக்காரர் விழுப்புரத்தைக் காட்டுவார். ஒவ்வொரு ரூட்டருக்கும் தெரிஞ்சது இவ்வளவுதான்: இந்த ஊருக்கு அடுத்து யார்கிட்ட கொடுக்கணும். பாக்கெட் போய்ச் சேர்ந்துச்சான்னு அது கவலைப்படாது. கேட்டு வெச்சுக்கிறதும் கிடையாது.

சரி, நெல்லையில "எங்க போறதா இருந்தாலும் மதுரைகிட்ட கொடு"ன்னு ஒரு வரி. மதுரையில "10.1.3.0/24-க்குப் போறதை திருச்சிகிட்ட கொடு"ன்னு ஒரு வரி. திருச்சிக்கு சென்னை பக்கத்து ஊரு, தனியா சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட் சென்னைக்குப் போயிடும். ஆனா நெல்லையில பிங் இன்னமும் ஊமையாத்தான் இருக்கும்!

போற வழி வேற, வர்ற வழி வேற

எங்க வகுப்புல ஒருத்தர் இந்த இடத்துல ரெண்டு மணி நேரம் சென்னைப் பொட்டியோட ஃபயர்வாலைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தார். ஃபயர்வால் பாவம், அது என்ன பண்ணும்? சென்னையில டி.சி.பி.டம்ப் ஓட்டிப் பார்த்தா கேள்வி வந்து சேர்றது தெளிவாத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் போட, 10.1.1.2-ங்கிற முகவரி எந்தப் பக்கம்னு சென்னைக்குத் தெரியணும். அதுக்கு "எல்லாத்தையும் திருச்சிகிட்ட கொடு"ன்னு எழுதிட்டோம்னு வைங்க. பதில் திருச்சி வரைக்கும் வரும். திருச்சிக்கோ 10.1.1.0/24-ங்கிற பேரே தெரியாது. மதுரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாரும் அதுக்குச் சொல்லலையே. உடனே "அப்படி ஒரு நெட்வொர்க்குக்கு என்கிட்ட வழி இல்லை"ன்னு ஒரு பிழைச் செய்தி அனுப்பும். யாருக்கு? பதிலை அனுப்பின சென்னைக்கு. நெல்லைக்கு ஒரு வார்த்தை வராது. அங்க உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு, போன பாக்கெட் கிணத்துல போட்ட கல்லு மாதிரிதான்.

திருச்சியில "10.1.1.0/24-க்குப் போறதை மதுரைகிட்ட கொடு"ன்னு ஒரு வரி சேர்த்ததும் பிங் பேச ஆரம்பிச்சிடும். நெட்வொர்க் வேலை செய்யலைன்னு யாராவது சொன்னா இப்போ நான் முதல்ல கேக்குறது "திரும்பி வர வழி போட்டாச்சா?"ங்கிறதுதான். போறதுக்கு வழி போட்டா வர்றதுக்கும் வழி தானா வந்துடும்னு நம்ம மனசு நினைச்சுக்குது. வராது. அதைத் தனியா போடணும். (வெளிநாட்டுக்குப் படிக்க வந்தவன் இதைச் சொன்னா வேற அர்த்தம் வேற வரும். அதைப் பத்தி இன்னொரு நாள்.)

இது ஆய்வகச் சமாச்சாரம் மட்டும் இல்லை. இங்கேருந்து நிஜ சென்னையில இருக்கிற ஒரு சர்வருக்கு ட்ரேஸ்ரூட் ஓட்டிப் பாருங்க. ஆம்ஸ்டர்டாம்ல இருந்து சென்னை நேர்கோட்டுல சுமார் 7,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி போற வேகம் செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். போய்ட்டு வர எப்படிப் பார்த்தாலும் 79 மில்லி செகண்ட் ஆகும். எனக்கு வர்றது எப்பவுமே 150-க்கு மேலதான். கேபிள் கடலுக்குள்ள சுத்தி வளைச்சுப் போறது ஒரு காரணம். போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லாதது இன்னொண்ணு. ட்ரேஸ்ரூட் காட்டுறது போற வழியை மட்டும்தான். திரும்பி வர்ற வழியைத் தெரிஞ்சுக்கணும்னா அந்த முனையில இருந்து ஒருத்தர் ஓட்டிக் காட்டணும்.

இதோட இன்னொரு பொறி இருக்கு. "ஆர்.பி. ஃபில்டர்"னு பேரு. மதுரைக்கும் சென்னைக்கும் நடுவுல நேரா ஒரு கேபிளைப் போட்டு, நெல்லைக்குப் போறதை அதுல அனுப்புன்னு சென்னைகிட்ட சொல்லிட்டோம்னு வைங்க. நெல்லையோட பாக்கெட் பழையபடி திருச்சி வழியாவே வருது. ஃபில்டர் 1-ன்னு இருந்தா, "நெல்லைக்கு என் வழி அந்தக் கேபிள். நீ எப்படி இந்தப் பக்கமா வந்தே?"ன்னு சந்தேகப்பட்டு சென்னை அதைச் சத்தமில்லாம கீழே போட்டுடும். டி.சி.பி.டம்ப்ல பாக்கெட் வர்றது தெரியும், பதில் மட்டும் போகாது. திருட்டு முகவரியோட வர்ற பாக்கெட்டைப் பிடிக்கிறதுக்காக வெச்சது இது. ஆனா ரெண்டு வழி இருக்கிற சர்வர்ல நல்லவனையும் சேர்த்துப் பிடிச்சிடும். அங்க 2-ன்னு வெச்சா கொஞ்சம் தளர்வா நடந்துக்கும். ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் குறைச்சா போதாது. "ஆல்"ங்கிற பொது மதிப்பு, அந்தக் கார்டோட மதிப்பு, இந்த ரெண்டுல எது பெருசோ அதைத்தான் கெர்னல் எடுத்துக்கும்.

வீட்டுக்குள்ள எல்லாருக்கும் வரைபடம்

கையால எழுதின வழிக்கு ஒரு குறை உண்டு. திருச்சிப் பொட்டியை நிறுத்திட்டா நெல்லைக்கு அது தெரியாது. நேர் கேபிள் ஒண்ணு சும்மா கிடக்கும், பாக்கெட் எல்லாம் செத்துப்போன திருச்சியை நோக்கியே போய்க்கிட்டு இருக்கும். இதுக்குத்தான் ரூட்டர்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற நெறிமுறை தேவைப்படுது.

இதுக்கு எஃப்.ஆர்.ஆர்.னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. குனிஹிரோ இஷிகுரோ 1996-ல் தொடங்கின ஸீப்ரா, அதுலேருந்து குவாகா, அதுலேருந்து 2017-ல் பிரிஞ்சு வந்தது எஃப்.ஆர்.ஆர்.னு ஒரு வம்சாவளி. நிறுவினதும் எல்லாம் ஓடிடாது. அதோட "டீமன்ஸ்" கோப்புல ஓ.எஸ்.பி.எஃப்.க்கு எதிரே இருக்கிற "நோ"வை "யெஸ்" ஆக்கணும்.

ஓ.எஸ்.பி.எஃப். ஒரு கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒவ்வொரு பொட்டியும் 10 செகண்டுக்கு ஒரு தடவை பக்கத்துப் பொட்டிக்கு "ஹலோ" சொல்லும். 40 செகண்ட் சத்தமே இல்லைன்னா ஆள் போயிட்டார்னு அர்த்தம். யார் யாருக்கு யார் பக்கத்து வீடு, எந்த வழிக்கு எவ்வளவு செலவுங்கிற தகவல் எல்லாருக்கும் போகும். எல்லார் கையிலயும் ஒரே வரைபடம் இருக்கும். அதை வெச்சு அவங்கவங்க குறுகிய வழியைக் கணக்குப் போட்டுக்குவாங்க.

அந்தக் கணக்கு இந்த ஊர்ச் சரக்கு. 1956-ல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆம்ஸ்டர்டாம்ல வருங்கால மனைவியோட கடைவீதி சுத்திட்டு, களைச்சுப்போய் ஒரு காபிக்கடை வாசல்ல உட்கார்ந்தார். ராட்டர்டாம்ல இருந்து க்ரோனிங்கனுக்குக் குறுகிய வழி எதுன்னு யோசிச்சார். பேனா இல்லை, பேப்பர் இல்லை, இருபது நிமிஷத்துல விடை வந்துடுச்சுன்னு பிற்காலத்துல அவரே சொல்லியிருக்கார். ஆர்மாக்ங்கிற புதுக் கணினியை ஜனங்களுக்குக் காட்டுறதுக்காக, நெதர்லாந்தோட 64 ஊரை வெச்சு அதுல ஓட்டிக் காட்டினாங்க. 1959-ல் மூணே பக்கக் கட்டுரையா வெளிவந்துச்சு. இங்க ரயில்ல ராட்டர்டாமைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெல்லைப் பொட்டி ஞாபகம் வருது. என்ன ஜென்மமோ :-)

நம்ம பொட்டிக்கு வருவோம். ஒவ்வொரு இணைப்புக்கும் செலவு 10, மதுரை - சென்னை நேர் கேபிளுக்கு மட்டும் 100-ன்னு வெச்சேன். வழக்கமா பாக்கெட் திருச்சி வழியாப் போகும். பிங் ஓடிக்கிட்டு இருக்கும்போதே திருச்சியோட பவரைப் பிடுங்கினா 40 செகண்டை ஒட்டி ஒரு மௌனம். அப்புறம் நேர் கேபிள்ல பதில் வர ஆரம்பிக்கும். யாரும் எதையும் தொடலை. பார்க்கவே சந்தோஷமா இருந்துச்சு. அந்த 40 செகண்டும் ஆகாதுன்னா பி.எஃப்.டி.ன்னு ஒண்ணு இருக்கு, ஒரு செகண்டுக்குள்ள கண்டுபிடிச்சிடும்.

ரெண்டு குறிப்பு. ஓ.எஸ்.பி.எஃப். போறது டி.சி.பி.யிலயும் இல்லை, யூ.டி.பி.யிலயும் இல்லை. ஐ.பி.க்கு மேல நேரா 89-ங்கிற தனி எண். ஃபயர்வால்ல போர்ட் நம்பரைத் தேடாம அந்த எண்ணைத் திறந்து விடுங்க. அடுத்தது, ரெண்டு பக்கமும் எம்.டி.யூ. அளவு ஒண்ணா இல்லைன்னா, ஹலோ எல்லாம் ஒழுங்காப் போகும், ஆனா உறவு "எக்ஸ்ஸ்டார்ட்" நிலையிலயே நின்னுடும். அந்த வார்த்தையைப் பார்த்தா முதல்ல எம்.டி.யூ.வைப் பாருங்க.

ஊரு விட்டு ஊரு போனா வெறும் பேச்சுதான்

ஓ.எஸ்.பி.எஃப். ஓடுறது ஒரே வீட்டுக்குள்ள. உலகத்துல இருக்கிற ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகள் தங்களோட வரைபடத்தை ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்க மாட்டாங்க. அங்க ஓடுறது பி.ஜி.பி. 1989-ல் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்துல கிர்க் லாகீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில கை துடைக்கிற காகிதத்துல வரைஞ்சது. பேரே "மூணு நாப்கின் நெறிமுறை"ன்னு ஆயிடுச்சு. அதோட நாலாவது பதிப்பு இன்னைக்கும் உலகத்தையே சுமக்குது.

ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு ஏ.எஸ். எண் உண்டு. பக்கத்து ஏ.எஸ்.கிட்ட "இந்த முகவரிகளுக்கு என் வழியாப் போகலாம், நடுவுல இன்னின்னார் இருக்காங்க"ன்னு சொல்லும். கேட்டவர் தன்னோட எண்ணையும் சேர்த்து அடுத்தவர்கிட்ட சொல்வார். அவ்வளவுதான். சொன்னது உண்மையான்னு சரிபார்க்கிற வேலை பி.ஜி.பி.க்குள்ள எங்கேயும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், நம்பிக்கிட்டேன், கதை முடிஞ்சது.

எங்க வீட்ல மாடி அறையில இருக்கிறவன் லாகூர்க்காரன். அதே வகுப்பு. அவன் லேப்டாப்ல ஒரு பொட்டி: பேர் லாகூர், ஏ.எஸ். 65002. என்னோட நாலு ஊரும் சேர்ந்து 65001. சென்னைதான் என் எல்லைக்காவல். லண்டன்னு மூணாவதா ஒண்ணு, 65003. இதெல்லாம் தனிப்பட்ட பயன்பாட்டுக்குன்னு ஒதுக்கின எண்கள், 64512-லிருந்து 65534 வரைக்கும் யாரும் வீட்ல வெச்சு விளையாடலாம்.

ரெண்டு பக்கமும் அமைச்சோம். டி.சி.பி. 179-ல் இணைப்பு வந்துடுச்சு. உறவு ஏற்பட்டாச்சுன்னும் காட்டுது. ஆனா ஒரு வழிகூடப் பரிமாறலை. எண் வர வேண்டிய இடத்துல அடைப்புக்குறிக்குள்ள "பாலிசி"ன்னு ஒரு வார்த்தை நிக்குது.

இப்போ வருது அந்த வரி. இதைத் தேடினீங்கன்னா நாலு பேர்ல மூணு பேர் "நோ பி.ஜி.பி. ஈபிஜிபி ரிக்வயர்ஸ் பாலிசி"ன்னு அடி, சரியாயிடும்பாங்க. ஆமா, சரியாயிடும். பூட்டு திறக்கலைன்னா கதவைக் கழட்டி வெச்சிடு, அதுவும் ஒரு வழிதான்.

2017-ல் ஆர்.எஃப்.சி. 8212-ன்னு ஒரு விதி வந்துச்சு. வெளி ஆளோட பேசும்போது எதை ஏத்துக்குவேன், எதைச் சொல்லுவேன்னு நீ எழுதி வைக்கிற வரைக்கும் ஒண்ணையும் ஏத்துக்காதே, ஒண்ணையும் சொல்லாதேங்கிறது சாரம். எஃப்.ஆர்.ஆர். அதைத்தான் கடைப்பிடிக்குது. மேல சொன்ன வரி அந்தக் காவலை எடுத்து விடுறது. அந்த விதி ஏன் வந்துச்சுன்னு புரியணும்னா ஒரு பழைய கதைக்குப் போகணும்.

பின்கோடு, யூட்யூப், லாகூர்

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். மும்பையில கடிதம் பிரிக்கிற இடத்தை நினைச்சுக்குங்க. "6-ல் தொடங்கினா தெற்கே போற பை"ன்னு ஒரு குறிப்பு, "627-ல் தொடங்கினா திருநெல்வேலிப் பை"ன்னு ஒரு குறிப்பு. நெல்லைக்கடிதம் ரெண்டுக்கும் பொருந்தும். ஆனா எதுல போடுவாங்க? 627 பையிலதான். அதிகமா, குறிப்பா சொன்னவன் பேச்சுதான் ஜெயிக்கும். ரூட்டர்லயும் அதேதான். /22-ன்னு ஒரு வழியும், அதுக்குள்ளேயே அடங்குற /24-ன்னு ஒரு வழியும் இருந்தா, /24 ஜெயிக்கும். யார் சொன்னா, எவ்வளவு தூரம், எதையும் பார்க்காது.

2008 பிப்ரவரி 24. ஒரு வீடியோவுக்காக யூட்யூபைத் தடை பண்ணச் சொல்லி பாகிஸ்தான்ல அரசு உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் (ஏ.எஸ். 17557) தன் நாட்டுக்குள்ள அந்த டிராஃபிக்கைக் குழியில தள்ளுறதுக்காக 208.65.153.0/24-ன்னு ஒரு வழி போட்டுச்சு. யூட்யூப் உலகத்துக்கு அறிவிச்சிருந்தது 208.65.152.0/22. உள்ளூருக்குப் போட்ட அந்த /24 பி.ஜி.பி. வழியா வெளியேயும் கசிஞ்சிடுச்சு. மேல இருந்த பி.சி.சி.டபிள்யூ. (ஏ.எஸ். 3491) அதை அப்படியே வாங்கி உலகத்துக்குச் சொல்லிடுச்சு. யு.டி.சி. நேரம் 18:47-க்கு ஆரம்பம். உலகத்தோட யூட்யூப் டிராஃபிக் பாகிஸ்தானை நோக்கித் திரும்புச்சு. 20:07-க்கு யூட்யூபும் அதே /24-ஐ அறிவிச்சது, பாதிக் கிணறு தாண்டுச்சு. 20:18-க்கு அதைவிடக் குறிப்பா ரெண்டு /25. கடைசியா 21:01-க்கு பி.சி.சி.டபிள்யூ. அந்தத் தப்பான வழியை விலக்கினதும்தான் முழுசா ஓய்ஞ்சது.

இதை நாங்க வீட்லயே நடத்திப் பார்த்தோம். லண்டன் 10.20.152.0/22-ஐ அறிவிச்சது. சென்னையில "பாலிசி" காவலை வேணும்னே எடுத்து விட்டேன். லாகூர் 10.20.153.0/24-ஐ அறிவிச்சது. சென்னையிலிருந்து 10.20.153.10-க்கு ட்ரேஸ்ரூட் போட்டா ஒரு செகண்ட்ல லண்டன் மறைஞ்சு லாகூர் வந்து நிக்குது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. சென்னையைக் கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லும்!

நான் சிரிச்சேன். அவன் சிரிக்கலை. "இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் எங்க ஊர்லயே நிறுத்திடுவாங்க"ன்னான். "உள்ளூர்ல ஒரு கதவை மூடச் சொன்னாங்க, மூடினான். சத்தம் வெளியே கேட்டுச்சு, அது தப்புதான். ஆனா கேட்டதை விசாரிக்காம ஊர் பூரா தண்டோரா போட்டது யாரு?" நான் பதில் பேசலை. ஏன்னா அந்த நிமிஷம் தண்டோரா போடுற இடத்துல இருந்தது என் சென்னைப் பொட்டி.

யோசிச்சா அவன் சொல்றதுதான் சரி. தப்பா ஒரு வரி அடிக்கிறவன் எந்த நெட்வொர்க்லயும் இருப்பான். அது அவன் வீட்டோட நிக்கணுமா, உலகத்துக்கே போகணுமாங்கிறதை முடிவு பண்றது பக்கத்து வீட்டு ஃபில்டர். சில பேர் வேணும்னே செய்வாங்க. 2018 ஏப்ரல் 24 அன்னைக்கு அமேசானோட டி.என்.எஸ். முகவரிகளை இதே மாதிரி குறிப்பான வழியால திருப்பி, மைஈதர்வாலட் தளத்துக்குப் போனவங்களைப் போலித்தளத்துக்கு இழுத்துட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல சுமார் ஒன்றரை லட்சம் டாலர் போச்சு. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டியும் தட்டிவிட்டு உள்ளே போனவங்க பணம் அது.

என்ன எழுதணும்?

பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. ஒரு ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட்:

1. உள்ளே வர்றது: லாகூருக்கு உரிய 10.30.0.0/16 மட்டும். பட்டியல்ல இல்லாதது தானாவே நிராகரிக்கப்படும்.

2. வெளியே போறது: என்னோட 10.1.0.0/16 மட்டும். லண்டன்கிட்ட கேட்டதை லாகூர்கிட்ட சொல்ற வேலை எனக்கு இல்லை.

3. அதிகபட்ச எண்ணிக்கை: பத்து வழி சொல்ற பக்கத்து வீட்டுக்காரன் திடீர்னு பத்தாயிரம் சொன்னா உறவைத் துண்டிச்சிடு.

4. நிஜ இணையத்துல இதோட, என் சொந்த முகவரியை எனக்கே சொல்றவன், தனியார் முகவரிகளைச் சொல்றவன், /24-ஐ விடக் குறிப்பா சொல்றவன் (ஐ.பி.வி.6-ல் /48) எல்லாருக்கும் கதவு சாத்து.

"எல்லாத்தையும் அனுமதி"ன்னு ஒரு ரூட்மேப் எழுதி "பாலிசி" வார்த்தையைப் போக வைக்கிறவங்களும் உண்டு. அது பூட்டு வாங்கித் திறந்த கதவுல தொங்க விடுறது.

பட்டியல் போட்டதும் லாகூர் மறுபடி /24-ஐ அறிவிச்சது. சென்னை அசையலை. ட்ரேஸ்ரூட் லண்டனுக்கே போச்சு. போட்டது நாலே வரி.

ஆனா உலகத்துல யாருக்கு எந்த முகவரி உரியதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் ஆர்.பி.கே.ஐ. இங்க ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற ரைப் என்.சி.சி. மாதிரியான பதிவகங்கள் மூலமா, முகவரிக்கு உரியவங்க "இந்த முகவரியை இந்த ஏ.எஸ்.தான் அறிவிக்கலாம், இந்த அளவுக்கு மேல குறிப்பா போகக் கூடாது"ன்னு கையெழுத்துப் போட்ட சான்று வெச்சிருப்பாங்க. ஆர்.ஓ.ஏ.ன்னு பேரு. 2008-ல் யூட்யூபுக்கு அது இருந்து, நடுவுல இருந்தவங்க சரிபார்த்திருந்தா, அந்த /24 செல்லாதுன்னு அங்கேயே விழுந்திருக்கும். 2024 மே மாசத்துல ஐ.பி.வி.4 வழிகள்ல பாதிக்கு மேல இந்தச் சான்று வந்துடுச்சு. இது முழுக்கவசம் இல்லை. வழி எங்கே தொடங்குதுங்கிறதை மட்டும்தான் பார்க்கும், நடுவுல யார் யார் இருக்காங்கங்கிறதைப் பார்க்காது. அதனால சான்று வந்தாலும் ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் வேலை தீர்ந்து போகலை.

இந்தப் பழைய டெஸ்க்டாப்தான் இப்போ எங்க வீட்டு ஆறு பேருக்கும் ரூட்டரா ஓடுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் ஆறு ஊருக்குப் பேசுவாங்க. ஒருத்தி சுரபயாவுக்கு, ஒருத்தன் லாகூருக்கு, நான் நெல்லைக்கு. நம்ம பொட்டியில நாம எழுதற வரியை நம்பி அடுத்தவன் வீட்டுப் பேச்சும் போகுதுன்னு அப்போதான் உறைக்கும். அதனாலதான் சொல்றேன், வேலை நடந்தா போதும்னு அந்த ஒரு வரியை மட்டும் அடிக்காதீங்க.

சொந்தமா டொமைன் வாங்கி, சர்வர் வாடகைக்கு எடுத்து எழுதறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க. ஒரு அஞ்சு நிமிஷ வேலை: ரைப்ஸ்டாட் தளத்துக்குப் போய் உங்க சர்வரோட ஐ.பி. முகவரியைக் கொடுங்க. இலவசம்தான். அது எந்த முகவரித் தொகுதியில வருது, எந்த ஏ.எஸ். அறிவிக்குது, ஆர்.பி.கே.ஐ. சான்று இருக்கா இல்லையான்னு காட்டும். இல்லைன்னு வந்தா, மாசாமாசம் காசு வாங்குறவங்ககிட்ட "ஏன் இல்லை?"ன்னு ஒரு மின்னஞ்சல் தட்டுங்க. அஞ்சாறு வாடிக்கையாளர் கேட்டா அவங்களும் கொஞ்சம் யோசிப்பாங்க.

உங்களுக்கு என்ன காட்டுச்சுன்னு சொல்லுங்க மக்களே. அடுத்த தடவை ஐ.பி.வி.6. ஃபார்வர்டிங்கை இயக்கினதும் அந்த சர்வர் தனக்கான முகவரி அறிவிப்பையே கேட்க மறுத்துடும். அது ஏன், எப்படிச் சமாதானப்படுத்துறதுன்னு பார்ப்போம்.